பாரசீகர் யார், ஈரானியர் யார்

கடந்த மார்கழியில், புதுச்சேரி குருசுக்குப்பத்தில் என் அக்கா நடத்தும் சிறிய விடுதியில் ஈரான் நாட்டுப் பெண்மணி ஒருவர் பத்து நாள் தங்கியிருந்தார். வெளிநாட்டவர் வந்து தங்கினால் அரசுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நிரப்பித் தருவது என் வேலை. கடவுச்சீட்டைப் பார்த்து நாட்டின் பெயரை எழுதிக்கொண்டே, "நீங்கள் பாரசீகர் அல்லவா?" என்று கேட்டேன். "இல்லை, நான் ஈரானியர். ஊர் தப்ரீஸ். எங்கள் வீட்டில் பேசுவது துருக்கி மொழி" என்றார். கோபம் இல்லை, ஆனால் இதே திருத்தத்தைப் பலரிடம் பலமுறை சொன்னவரின் நிதானம் அந்தக் குரலில் இருந்தது. இரண்டு சொற்களையும் ஒன்றாகவே புழங்கிவந்த எனக்கு அது உறுத்தியது. அதன்பின் படித்ததையும் அவரிடம் கேட்டறிந்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

குழப்பத்தின் வேர் ஊர்ப் பெயரில் இருக்கிறது. இன்றைய ஈரானின் தெற்கே உள்ள ஃபார்ஸ் மாகாணம் பழங்காலத்தில் பார்சா எனப்பட்டது. கிரேக்கர்கள் அந்த ஒரு வட்டாரத்தின் பெயரைப் பேரரசு முழுவதற்கும் வைத்தார்கள். ஐரோப்பா அதையே பிடித்துக்கொண்டது. அரபியில் 'ப' ஒலி இல்லாததால் பார்ஸ் ஃபார்ஸ் ஆயிற்று, பார்சி மொழி ஃபார்சி ஆயிற்று. உள்நாட்டு மக்களோ தங்கள் நாட்டை நெடுங்காலமாக ஈரான் என்றே அழைத்துவந்தார்கள். மூன்றாம் நூற்றாண்டின் சசானிய மன்னர்களே தங்களை ஈரானின் மன்னாதி மன்னர் என்று பொறித்துக்கொண்டவர்கள். ஆகவே 1935-இல் ரேசா ஷாவின் அரசு, இனி எங்கள் நாட்டை ஈரான் என்றே குறிப்பிடுங்கள் என்று பிற நாடுகளைக் கேட்டுக்கொண்டபோது, புதுப் பெயர் எதையும் சூட்டவில்லை.

இனத்தின் பெயரும் அதைவிடப் பெரிய வட்டத்தின் பெயரும் வேறு வேறு என்ற உணர்வு இன்று நேற்று வந்ததன்று. நக்‌ஷ்-இ-ருஸ்தம் பாறையில் பண்டைய பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியஸ் தன்னைப் பாரசீகன், பாரசீகனின் மகன், ஆரியன், ஆரிய வழியில் வந்தவன் என்று படிப்படியாக அறிமுகம் செய்துகொள்கிறான். ஈரான் என்ற பெயர் பிறந்தது அந்த 'ஆரிய' என்ற சொல்லிலிருந்துதான். ஆனால் அவனுடைய தலைநகரான பெர்செபோலிஸில் கிடைத்த களிமண் ஏடுகளில் பெரும்பாலானவை ஈலாமிய மொழியில் எழுதப்பட்டவை. தன்னைப் பாரசீகன் என்று பெருமையோடு பொறித்தவனின் கணக்குகளே வேறொரு மொழியில் நடந்தன! மொழி, இனம், அரசு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாத நிலை அந்த மண்ணில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது.

அப்படியானால் பாரசீக மொழி பேசுவோரைப் பாரசீகர் என்று வரையறுத்துவிடலாமா? அதுவும் நிற்காது. ஆப்கானிஸ்தானில் அதே மொழிக்குத் தரி என்று பெயர். 1964-ஆம் ஆண்டு அரசமைப்பு அந்தப் பெயரையே ஏற்றது. தஜிகிஸ்தானில் அது தஜிக் மொழி. எழுதுவது சிரிலிக் எழுத்தில். ஆப்கானிஸ்தானின் ஹசாரா மக்களின் தாய்மொழி பாரசீகத்தின் ஒரு வட்டார வழக்குதான், ஆயினும் தாங்கள் ஹசாராக்கள் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. எதிர்த்திசையில் நம் நாட்டுப் பார்சிகள் இருக்கிறார்கள்: பெயரிலேயே பாரசீகத்தைச் சுமப்பவர்கள், வீட்டில் பேசுவதோ குஜராத்தி. ஈரானுக்குள்ளும் குர்துகள், பலூச்சிகள், அரபுகள், துர்க்மேன்கள், தப்ரீஸ் பக்கத்து அசேரித் துருக்கியர் எனப் பலர் ஒரே கடவுச்சீட்டை வைத்திருக்கிறார்கள். அரசமைப்பின் 15-ஆம் பிரிவு பாரசீகத்தை ஆட்சிமொழியாகவும் பொதுமொழியாகவும் வைத்து, பிற மொழிகளை இதழ்களில் பயன்படுத்தவும் அவற்றின் இலக்கியத்தைப் பள்ளிகளில் கற்பிக்கவும் அனுமதிக்கிறது. ஏட்டில் உள்ள அந்த அனுமதி தான் படித்த பள்ளிக்கு வந்து சேரவே இல்லை என்று அந்தப் பெண்மணி வருத்தத்தோடு சொன்னார்.

இதை நான் எளிதாகப் புரிந்துகொண்டதற்கு என் தாத்தா காரணம். அவரைத் தெருவில் எல்லோரும் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள்; பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு மாதத்திற்குள் தெரிவிக்கலாம் என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது, தாத்தா வைத்துக்கொண்டார். பாரிசில் யார் அதிபராக வேண்டும் என்று வேட்டி கட்டிக்கொண்டு போய் இங்கேயே வாக்களித்துவிட்டு வருவார். அவருடைய ஓய்வூதியப் புத்தகம் இன்னும் எங்கள் தகரப் பெட்டியில் இருக்கிறது. பக்கமெல்லாம் பிரெஞ்சு, கீழே அவர் கையெழுத்து மட்டும் தமிழில், கடைசி எழுத்தின் புள்ளியை அழுத்தி வைத்தபடி. அவர் பிரெஞ்சுக்காரரா என்று கேட்டால் ஆம். தமிழரா என்று கேட்டால் அதற்கும் ஆம்.

ஆனாலும் இந்த ஒப்புமையை ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. பிரெஞ்சு இங்கே கப்பலில் வந்த ஆட்சியின் மொழி. பாரசீகமோ ஈரானில் பாரசீகர் மட்டுமே வளர்த்த மொழியன்று. 1501-இல் தப்ரீஸில் முடிசூடிய ஷா இஸ்மாயில் துருக்கியில் கவிதை எழுதியவர். அவர் நிறுவிய சஃபாவிய அரசின் எழுத்து வேலைகள் பெரும்பாலும் பாரசீகத்தில் நடந்தன. ஈரானில் பாரசீகக் கவிதைக்கென்று கொண்டாடப்படும் நாள், 1988 செப்டம்பர் 18-இல் மறைந்த கவிஞர் ஷஹரியாரின் நினைவு நாள். அவர் தப்ரீஸ்காரர், இரு மொழியிலும் எழுதியவர். அதைச் சொல்லும்போது விருந்தாளியின் முகம் மலர்ந்தது.

தமிழ் நாளிதழ்களில் ஈரானியர், பாரசீகர் என்ற சொற்கள் மாறி மாறி வருவதைக் கண்டால் இப்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. நாட்டைச் சொல்லும்போது ஈரானியர் என்றே எழுத வேண்டும். பாரசீகர் என்பதை, பாரசீகத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, அந்தப் பெயரைத் தமக்குரியதாக ஏற்கும் மக்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது நிபந்தனை முதலாவதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

புறப்படும் நாளன்று அக்கா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, "அந்த ரசீதை எழுதிக் கொடு" என்றாள். பெட்டியை மூடிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தார். அக்கா சொன்ன 'ரசீது' என்ற சொல்லை மறுபடி சொல்லச் சொன்னார். பாரசீகத்தில் அதற்கு 'வந்து சேர்ந்தது' என்று பொருள் என விளக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது எங்கள் சொல்."