பாங்க்சைடு கண்காட்சிக்கு ஒரு செம்புத் தகடு போன வழி

அப்பா யாழ்ப்பாணத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்தவர். என்னுடன் இருக்க லண்டனுக்கு வந்தபோது அவர் பெட்டியில் ஒரு கம்போசிங் ஸ்டிக் இருந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிற அந்தச் சிறிய இரும்புத் தட்டு ஓரங்களில் துருவேறிப்போயிருந்தது. கட்டைவிரல் அழுந்தும் இடம் மட்டும் இன்னும் பளபளத்தது. அதைப் பிடித்திருக்கும் அவர் கையைத்தான் நான் செம்பில் வரைந்தேன். அந்தப் படம் தேம்ஸ் கரையில் பாங்க்சைடு கேலரியின் சுவருக்குப் போய்ச் சேர்ந்த கதை இது. அடுத்த முறை அனுப்ப நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எனக்கு நேர்ந்த பிசகுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'பிரிண்ட்' என்றதும் பலரும் ஏற்கெனவே இருக்கும் ஓவியத்தை இயந்திரத்தில் நகல் எடுத்தது என்றே நினைக்கிறார்கள். எட்சிங் என்கிற இந்த முறையில் நகல் எடுக்க மூல ஓவியம் என்று தனியாக எதுவும் கிடையாது. தகட்டின் மேல் மெழுகுப் பூச்சில் கோடு கீறி, கீறிய இடத்தைத் திரவத்தில் அரிக்கவிட்டு, மை பூசித் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுக்கும்போதுதான் படமே பிறக்கிறது. தாளில் விழும் ஒவ்வொன்றும் மூலம்தான்.

இதை ஏற்க வைப்பதற்கே இங்கே ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது. 1768இல் தொடங்கிய லண்டன் கலைஞர் அமைப்பான ராயல் அகாடமி, பிறர் ஓவியங்களைப் பார்த்துச் செதுக்குபவர்கள் என்று சொல்லி, அச்சுக் கலைஞர்களை எண்பது ஆண்டுகளுக்கு மேல் முழு உறுப்பினர்களாகச் சேர்க்கவில்லை. 1880இல் ஃபிரான்சிஸ் சீமோர் ஹேடன் தலைமையில் எட்சிங் கலைஞர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். ஹேடன் தொழிலால் அறுவை மருத்துவர். ரெம்பிராண்டின் எட்சிங்குகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அந்தச் சங்கம்தான் இன்றைய ராயல் சொசைட்டி ஆஃப் பெயின்டர்-பிரிண்ட்மேக்கர்ஸ். டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்குப் பக்கத்தில் 1980இல் திறக்கப்பட்ட பாங்க்சைடு கேலரி, நீர்வண்ண ஓவியர்களின் சங்கத்துக்கும் இவர்களுக்கும் பொதுவான இடம். சங்கத்தில் உறுப்பினர் அல்லாதவர்களும் படம் அனுப்பக்கூடிய திறந்த கண்காட்சியை இவர்கள் நடத்துகிறார்கள். நான் அனுப்பியது அதற்குத்தான்.

ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டில் பிரஸ் வைக்க இடமில்லை. பலர் கட்டணம் கட்டிப் பகிர்ந்துகொள்ளும் பட்டறை ஒன்றில் வாரம் இரண்டு மாலை வேலை செய்கிறேன். தகடு முப்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர். ஓரங்களை அரத்தால் சரிவாக ராவிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிரஸ்ஸின் கம்பளி கிழிந்துவிடும். பிறகு சோயா சாஸும் சுண்ணக்கட்டிப் பொடியும் சேர்த்துத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். சமையலறைச் சாமான் பட்டறைக்குள் எப்படி வந்தது என்று அப்பாவுக்கு வியப்பு. பிசுக்கு போய்விட்டதா என்று அறியத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவினால் தகடு தயார்.

அப்பா ஸ்டிக்கைப் பிடித்திருக்கப் படம் எடுத்து, அதை இடவலம் மாற்றித் தகட்டில் பிரதியெடுத்துக் கீறினேன். அச்சில் எல்லாம் மறுபடி புரளும் என்பதால் இப்படிச் செய்வது வழக்கம். செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு திரவத்தில் அரிக்கவிட்டு, சாம்பல் நிறங்களுக்கு அக்வாடின்ட் போட்டேன். கோட்டுக்குப் பதில் நுண்புள்ளிகளாக அரித்து நிறம் உண்டாக்கும் முறை அது. மிக மெல்லிய சாம்பலுக்கு முப்பது விநாடி. சட்டைக் கையின் இருட்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல். ஒவ்வொரு முறையும் போதுமான இடங்களை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி திரவத்தில் இறக்க வேண்டும். அதில் தவறு நேரவில்லை.

தவறு எழுத்தில் நேர்ந்தது. அப்பாவிடம் ஸ்டிக் இருந்தது, ஈய எழுத்துகள் இல்லை. ஆகவே படத்தில் வெறும் ஸ்டிக்தான் விழுந்திருந்தது. அதற்குள் எங்கள் ஊர்ப் பெயரை, 'இருபாலை' என்பதை, நானாகவே சேர்த்தேன். அப்பா காலத்து அச்சில் இருந்ததுபோலவே துதிக்கை தூக்கிய பழைய லை போட்டேன். அச்சில் நேராக வாசிக்க வேண்டுமே என்று தகட்டில் எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாகக் கீறினேன். முதல் சோதனை அச்சில் 'இருபாலை' பளிச்சென்று விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கை நன்றாக வந்திருக்கிறது" என்றார். பிறகு, "பிள்ளை, ஸ்டிக்கில் எழுத்து நேராகவா நிற்கும்?" என்று கேட்டார்.

ஈய எழுத்து புரண்டுதானே இருக்கும்! தாளில் நேராக விழ வேண்டுமென்றால் ஈயத்தில் அது மாறித்தானே இருக்க வேண்டும்! அதோடு, அச்சுக்கோப்பவர் எழுத்தின் தலை தன் பக்கம் இருக்கும்படி, இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டு போவார். அவர் கண்ணுக்குச் சொல் இடமிருந்து வலமாகவே ஓடும். ஒவ்வொரு எழுத்தும் தண்ணீரில் தெரிகிற நிழல்போலத் தலைகீழாக நிற்கும். அப்படியே வாசித்துப் பிழை திருத்திய கண் அவருடையது. நான் வரைந்ததோ உலகத்தில் எந்த அச்சகத்திலும் இருந்திருக்க முடியாத ஸ்டிக்.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. ஸ்டிக்கில் எழுத்து புரண்டிருக்கிறது. என் தகடும் படத்தைப் புரட்டுகிறது. இரண்டு புரட்டலும் சேர்ந்தால், தகட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு சாதாரணமாக எழுதினாலே போதும். அவ்வளவு எளிய வேலையைத்தான் சிரமப்பட்டுத் தவறாகச் செய்து வைத்திருந்தேன்.

விண்ணப்பம் முடிய இரண்டு வாரங்களே இருந்தன. செம்பில் அரித்த கோட்டை அழிப்பது தாளில் அழிப்பதுபோல அல்ல. முக்கோணச் சுரண்டியால் கோட்டின் ஆழம் வரை செம்பைச் சீவி எடுக்க வேண்டும். சுருள் சுருளாக இளஞ்சிவப்புத் தூள் வரும். பிறகு எண்ணெய் விட்டு, பர்னிஷரின் வழவழப்பான நுனியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அச்சில் தனி எழுத்தான 'பா'வின் காலையும் சேர்த்து ஐந்து எழுத்துகளுக்கு இரண்டு மாலை போனது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. சீவிய இடம் குழிந்துவிட்டால் அதில் மை தங்கி அழுக்குபோலத் தெரியும் என்பதால், தகட்டின் பின்பக்கம் தட்டி அந்த இடத்தைக் கொஞ்சம் மேலே எழுப்பினேன். அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி மெழுகுப் பூச்சு, மறுபடி கீறல், மறுபடி அரிப்பு. இரண்டாவது சோதனை அச்சில் புதிய எழுத்துகளுக்குப் பின்னால் பழைய 'பா'வின் கால் மட்டும் மெல்லிய சாம்பலாகத் தெரிந்தது. அதை அழிக்காமல் விடச் சொன்னவர் அப்பா. தேய்ந்த ஈய எழுத்து அப்படித்தான் இருக்கும் என்றார்.

பதிப்பு, அதாவது மொத்தப் பிரதிகள், இருபது என்று முடிவு செய்தேன். ஒரு பிரதிக்கு முக்கால் மணி நேரம். தகட்டைச் சூடாக்கி, மை தடவி, மெல்லிய கஞ்சித் துணியைப் பந்தாகச் சுருட்டித் துடைத்து, கடைசியில் சுண்ணக்கட்டிப் பொடி தொட்ட உள்ளங்கையால் ஒத்தி எடுக்க வேண்டும். தாளை முன்னதாகவே தண்ணீரில் ஊறவைத்து, மினுமினுப்பு போகும்வரை ஒற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் ஐந்து நல்ல பிரதி வந்தால் பெரிது. ஒரு சனிக்கிழமை அப்பாவும் பட்டறைக்கு வந்தார். ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பிரஸ்ஸிலிருந்து வந்த ஒவ்வொரு தாளையும் முதல் பிரதியுடன் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டைத் தள்ளிவைத்தார். ஒன்றில் கட்டைவிரலுக்குக் கீழே மை கூடுதலாகத் தங்கியிருந்தது; இன்னொன்றில் தகட்டின் விளிம்பைத் துடைக்க மறந்திருந்தேன். எனக்கு மனசில்லைதான். ஆனால் பதிப்பு என்று எண் போடும்போது முதல் பிரதியை வாங்குபவரும் இருபதாவதை வாங்குபவரும் ஒரே படத்தைப் பெற வேண்டும். அவர் செய்தது சரி.

அன்று அவர் கேட்ட கேள்வி வேறு. "தகடு நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் இருபதோடு நிறுத்துகிறாய்? நாங்கள் ஒரு நோட்டீஸ் ஆயிரம் அடிப்போம்." அக்வாடின்ட் தேய்ந்துவிடும், எண்ணிக்கை குறைந்தால்தான் மதிப்பு என்று ஏதேதோ சொன்னேன். அவருக்கு எதுவும் ஒட்டவில்லை. கடைசியாக, வாங்குபவரிடம் இதற்கு மேல் அடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிற எண் அது, அதனால்தான் வேலை முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறிவிடுகிறோம் என்றேன். உடனே தலையாட்டினார். "நாங்களும் வேலை முடிந்ததும் எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுவோமே. பிறகு யார் வந்து கேட்டாலும் அந்தப் பக்கம் கிடையாது." இத்தனை ஆண்டுகளாக ஆங்கிலத்தில் படித்தும் கேட்டும் வந்த விளக்கங்களில் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

விண்ணப்பம் இணையத்தில்தான். படம், தலைப்பு, முறை, பதிப்பின் எண்ணிக்கை, அளவு, விலை. புகைப்படத்தைச் சட்டம் போடும் முன்பே எடுத்துவிடுங்கள். கண்ணாடி போட்ட பிறகு எடுத்தால் உங்கள் ஜன்னல்தான் அதில் தெரியும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் எதிரே கேமராவை வைத்து எடுத்தேன். முதல் படத்தில் வெள்ளைத் தாள் சாம்பலாகிவிட்டது. தாளைக் கையில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே நிறத்தைத் திருத்தினேன். அளவிலும் கவனம் வேண்டும். தகட்டின் அளவு வேறு, தாளின் அளவு வேறு, சட்டத்தின் அளவு வேறு. நான் தகட்டின் அளவையே எல்லா இடத்திலும் போட்டிருந்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் தற்செயலாகக் கண்ணில் பட்டது. விலையைப் போடும்போது கேலரியின் பங்கு, தாள், சட்டம் எல்லாம் கழித்து மிஞ்சுவது என்ன என்று கணக்குப் பார்த்துவிடுங்கள். விண்ணப்பக் கட்டணம் எப்படியும் திரும்பி வராது.

இரண்டு படங்கள் அனுப்பினேன். நிச்சயம் எடுப்பார்கள் என்று நம்பியிருந்த லினோகட், லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட படம், தேர்வாகவில்லை. அப்பாவின் கை தேர்வானது. மின்னஞ்சல் வந்தபோது பஸ்ஸில் இருந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் இறங்கினேன்.

சட்டம் போடக் கொடுத்த கடையில் தாளின் கீழ்ப்பகுதியை அட்டையால் மூடிவிட்டார்கள். பென்சிலில் எழுதிய எண்ணும் என் கையெழுத்தும் மறைந்துவிட்டன. செம்புத் தகடு தாளில் அழுந்திய பள்ளமும் தெரியவில்லை. அந்தப் பள்ளம்தானே இது பிரஸ்ஸில் அழுத்தி எடுத்தது என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது? பிரித்து, பள்ளத்தைச் சுற்றி இடம் விட்டு, அமிலமில்லாத அட்டையில் மறுபடி போட வைத்தேன். கடைக்குக் கொடுக்கும்போதே ஒரு தாளில் வரைந்து கொடுத்திருந்தால் நான்கு நாட்கள் மிஞ்சியிருக்கும்.

ஒப்படைக்கும் நாளில் படத்தைப் போர்வையில் சுற்றி, டிஸ்ட்ரிக்ட் லைனில் பிளாக்ஃபிரையர்ஸ் வரை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

திறப்பு மாலைக்கு அப்பா கோட்டு அணிந்து வந்தார். மெசோடின்ட், மரச்செதுக்கு, ஸ்கிரீன் பிரிண்ட் என்று சுவர் நிறைய இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் தன் கையிடம் வந்தார். ஒரு மூதாட்டி அந்தப் படத்தின் முன் தலையைச் சாய்த்து நின்று, இந்த எழுத்துகள் ஏன் தலைகீழாக இருக்கின்றன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா தமது இடது கையை நீட்டி, கட்டைவிரலை மடக்கி, வலது கையால் காற்றிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கிக் காட்டத் தொடங்கிவிட்டார். ஐந்து எழுத்து அடுக்கினார். அந்த அம்மையார் ஐந்தாவதுக்குப் பிறகு புரிந்துகொண்டு சிரித்தார்.

அச்சுக் கண்காட்சியில் ஒரு படம் விற்றால் சுவரில் இருப்பதை எடுப்பதில்லை. பெயர்ச்சீட்டில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் ஒன்று. கண்காட்சி முடியும்போது என் சீட்டில் மூன்று பொட்டுகள் இருந்தன. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"அப்போது பதினேழு இருக்கிறது," என்றார் அப்பா. "குளியலறைப் பக்கச் சுவரில் ஈரம் ஏறுகிறது. அந்த அலுமாரியில் வைக்காதே."