பார்பியா, பிராட்ஸா: ஒரு பொம்மையில் எந்தப் பகுதி யாருக்குச் சொந்தம்?

2000 ஆகஸ்ட். கலிபோர்னியாவில் எம்ஜிஏ என்டர்டெய்ன்மென்ட் என்ற பொம்மை நிறுவனத்தாரிடம், பின்னால் பிராட்ஸ் ஆன பொம்மைக்காக கார்ட்டர் பிரையன்ட் என்ற வடிவமைப்பாளர் காட்டியவை இரண்டு: சில ஆரம்பக்கட்ட வரைபடங்கள், ஒட்டுப்போட்டுச் செய்த ஒரு மாதிரிப் பொம்மை. மாதிரியின் தலை, பார்பியைச் செய்யும் மேட்டல் நிறுவனத்தின் உதிரிபாகத் தொட்டி ஒன்றிலிருந்து எடுத்தது. உடம்பு பார்பியுடையது. காலில் இருந்த பூட்ஸ், பார்பியின் ஜோடியான கென் பொம்மையுடையது. அப்போது பிரையன்ட் மேட்டலில்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். சேகரிப்பாளர்களுக்கான பார்பி வரிசைக்கு உடை வடிவமைப்பது அவர் வேலை. அக்டோபர் 4 அன்று எம்ஜிஏவோடு ஒப்பந்தம் போட்டார். அதே நாளில் மேட்டலுக்கு இரண்டு வார அவகாசம் சொல்லி, 19-ஆம் தேதி வரை அங்கேயே வேலை பார்த்தார்.

2001-இல் குளோயி, ஜேட், சாஷா, யாஸ்மின் என்று எம்ஜிஏவின் நான்கு பிராட்ஸ் பொம்மைகள் கடைக்கு வந்தன. பார்பியின் உயரம் ஏறக்குறைய 29 செ.மீ., பிராட்ஸ் 25 செ.மீ. தலை பெரிது, கண் பாதாம்பருப்பு வடிவம், இமையில் கனமான மை, உதடு தடிப்பு, மூக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். ஷூவைக் கழற்றினால் பாதமும் சேர்ந்தே வந்துவிடும். கணுக்காலில் வெறும் முளைதான் நிற்கும். பார்பியின் எதிரில் இவ்வளவு வேகமாக வளர்ந்த போட்டி அதற்கு முன் இல்லை. 2002-இல் மேட்டல் பெரிய தலை வைத்த 'மை சீன்' வரிசையை இறக்கியது. 2004 ஏப்ரலில் பிரையன்ட் மீது வழக்குப் போட்டது. மை சீன் எங்கள் பொம்மையின் தோற்றத்தைக் காப்பியடிக்கிறது என்று 2005-இல் எம்ஜிஏவும் வழக்குப் போட, இரண்டும் கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகின.

இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் 'பிராட்ஸ் பார்பியைக் காப்பியடித்ததா' என்பதுதான் கேள்வி என்று நினைக்கிறார்கள். அது தவறு. பிராட்ஸ் பார்பி மாதிரி இல்லை என்பதுதான் மேட்டலின் சிக்கலே. மேட்டல் கேட்டது வேறு: பிராட்ஸின் மூல வரைபடங்கள் எங்கள் ஊழியர் வரைந்தவை, ஆகவே அவை எங்களுடையவை, அவற்றைப் பார்த்து வார்த்த பொம்மையும் எங்களுடையது. அதனால் வழக்கின் முதல் பாதி பொம்மையைப் பற்றியதே அல்ல. பிரையன்ட் 1999 ஜனவரியில் மேட்டலுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த வேலை ஒப்பந்தம் என்ற ஒரு காகிதத்தைப் பற்றியது.

அந்தக் காகிதத்தில் இரண்டு இடங்கள் முக்கியம். முதலாவது, எதைக் கொடுக்கிறார் என்பது. வேலையில் இருக்கும்போது உருவாக்கும் 'இன்வென்ஷன்ஸ்' (கண்டுபிடிப்புகள்) அனைத்தையும் நிறுவனத்துக்குக் கொடுப்பதாக எழுதியிருந்தது. அந்தச் சொல்லுக்கான விளக்கத்தில் கண்டறிதல்கள், மேம்பாடுகள், செய்முறைகள், வடிவமைப்புகள், தரவு, கணினி நிரல்கள், சூத்திரங்கள் எல்லாம் உண்டு. 'யோசனை' என்ற சொல் மட்டும் இல்லை. மேட்டல் வேறு சில ஊழியர்களுக்கு எழுதிய ஒப்பந்தங்களில் அந்தச் சொல் வெளிப்படையாகவே இருந்தது. 'பிராட்ஸ்' என்ற பெயரும் 'ஜேட்' என்ற பெயரும் யோசனைகள்தான்; அவை மேட்டலுக்குப் போனதா இல்லையா என்பது இந்த ஒற்றைச் சொல்லில் தொங்கியது.

இரண்டாவது, எந்த நேரத்தில் உருவாக்கியது என்பது. 'நிறுவனத்தில் வேலையில் இருக்கும் எந்த நேரத்திலும்' என்று இருந்தது. இது சேர்ந்த நாள் முதல் விலகிய நாள் வரையிலான எல்லா மணிநேரமுமா, இரவும் ஞாயிறும் உட்பட? இல்லை, வேலை நேரம் மட்டுமா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். இதோடு இன்னொரு தேதிச் சிக்கல். பிரையன்ட் 1998 ஏப்ரலில் மேட்டலை விட்டுவிட்டு மிசூரியில் பெற்றோர் வீட்டில் இருந்தார். 1999 ஜனவரியில்தான் திரும்பச் சேர்ந்தார். வரைபடங்கள் 1998 ஆகஸ்டில் மிசூரியில் பிறந்தவை என்பது அவர் வாதம். அது உண்மையென்றால் அந்தப் படங்கள்மீது மேட்டலுக்கு எந்த உரிமையும் கிடையாது.

இனி பொம்மைக்கு வருவோம்.

ஃபேஷன் பொம்மை என்பது ஒரே பொருள் அல்ல. முதலில் வரைபடம். அதைப் பார்த்துச் சிற்பி களிமண்ணிலோ மெழுகிலோ உருவம் செய்வார். இத்துறையில் இதற்கு ஸ்கல்ப்ட் என்று பெயர். இந்தக் கட்டத்தில் தோல் நிறம் இல்லை, முகத்தில் வண்ணம் இல்லை, முடி இல்லை, உடை இல்லை. துணிக்கடையில் நிற்கும் மொட்டை உருவத்தின் குட்டி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அச்சு. தலையை மென்மையான வினைலில் வார்ப்பார்கள், உடற்பகுதியைக் கடினமான பிளாஸ்டிக்கில். பிறகு முடியைத் தலையில் தைத்து ஏற்றுவது, முகத்தில் வண்ணம் பதிப்பது, கடைசியில் உடை. இந்த ஒவ்வொரு படிக்கும் தனித்தனி உரிமை இருக்கலாம். பழைய பார்பிகளின் முதுகுப்புறத்தில் '1966' என்று பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு அறுபதுகளின் பொம்மை என்று விலை கேட்பவர்கள் இன்றும் உண்டு. அது அந்த உடல் அச்சின் பதிப்புரிமை ஆண்டு. அதே குறி பல பத்தாண்டுகள் கழித்துச் செய்த பொம்மையிலும் இருக்கும். தலைக்குத் தனி ஆண்டு, கழுத்து விளிம்பில்.

2008-இல் முதல் விசாரணையில் மேட்டல் வென்றது; வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. கலிபோர்னியாவுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் 2010 ஜூலையில் செய்தது இந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பதுதான். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அலெக்ஸ் கொசின்ஸ்கி. பொம்மைக்குத் தலை, இரண்டு கண், முடி இருப்பது யாருக்கும் சொந்தமில்லை. இளம்பெண் மாதிரி இருப்பதும், நவநாகரிக உடை போடுவதும், முகத்தில் திமிர் தெரிவதும் அப்படியே. ஒப்பிடுவதற்கு முன் இவற்றைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சியதை வைத்துத்தான் எவ்வளவு ஒத்திருந்தால் மீறல் என்ற அளவுகோல் வரும். ஸ்கல்ப்டில் மிஞ்சுவது குறைவு. தலையை ஓரளவுக்கு மேல் பெரிதாக்கினாலோ இடையை ஓரளவுக்கு மேல் சிறுக்கினாலோ குழந்தைகள் வாங்கும் அழகுப் பொம்மையாக அது இருக்காது, விகாரமாகிவிடும். ஆகவே சிற்பிக்கு விளையாட இடம் குறைவு, பாதுகாப்பும் மெலிது: அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால்தான் மீறல். வரைபடத்தில் நிலைமை வேறு. உடை, காலணி, சிகை, அணிகலன் என்று தேர்வுகள் கணக்கில்லாமல் உண்டு. அதனால் பாதுகாப்பு அகலம். கணிசமாக ஒத்திருந்தாலே போதும்.

முதல் விசாரணையில் மாவட்ட நீதிமன்றம் இந்தக் கழித்தலைச் சரியாகச் செய்யவில்லை. 'தனித்த பாணி, தனித்த மனோபாவம்' என்பதையே பாதுகாக்க வேண்டிய பொருளாக எடுத்துக்கொண்டது. மனோபாவத்துக்கு ஒருவர் உரிமை கொண்டாட முடியுமென்றால் அடுத்து வரும் எந்தப் பொம்மையும் தப்ப முடியாது. 2010 தீர்ப்பு இந்த இடத்தில் மிகச் சரியானது என்பது என் உறுதியான கருத்து.

இந்த ஒப்பீட்டைக் கையில் உள்ள பொம்மைகளை வைத்தே செய்து பார்க்கலாம். சேதமான, விலை இல்லாத இரண்டு பொம்மைகள் போதும். உடையைக் கழற்றுங்கள். தலையை இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் வைத்து வினைல் இளகியபின் மெல்ல அசைத்து உருவுங்கள். குளிர்ந்த நிலையில் இழுத்தால் கழுத்து முளை ஒடியும், அல்லது தலையின் துளை கிழியும். முக வண்ணத்தை அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சியால் சிறிது சிறிதாகத் துடையுங்கள். ஊறவிட்டால் வினைலின் மேற்பரப்பு கெட்டுவிடும். கடினப் பிளாஸ்டிக் உடலில் ஒரு சொட்டும் படக்கூடாது, கரைந்து மங்கிவிடும். இப்போது மிஞ்சிய வெறும் முகங்களை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் பாருங்கள். வண்ணம் இருந்தபோது அக்கா தங்கை மாதிரி தெரிந்த இரண்டும் இப்போது அவ்வளவு ஒட்டாது. நாம் 'சாயல்' என்று நினைப்பதில் பெரும்பங்கு சிற்பத்தில் இல்லை. கண்மையிலும் உதட்டுச் சாயத்திலும் இருக்கிறது.

இதை வைத்து முகத்துக்குப் பாதுகாப்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மேட்டல் கோல்ட்பெர்கர் என்ற பொம்மை நிறுவனத்தோடு நடத்திய வழக்கில் 2004-இல் இரண்டாவது வட்ட நீதிமன்றம் (நியூயார்க் பகுதிக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்) நேர்மாறான பக்கத்தைத் தெளிவாக்கியது. கோல்ட்பெர்கரின் 'ராக்கெட்ஸ் 2000' பொம்மையின் முகம் தங்கள் இரண்டு பார்பிகளின் முகம் என்றது மேட்டல். மேல்நோக்கிய மூக்கு, வில் போன்ற உதடு, அகன்று அமைந்த கண் எல்லாப் பொம்மைக்கும் பொதுவானவை, ஆகவே பாதுகாப்பு இல்லை என்றது கீழ் நீதிமன்றம். அது தவறு என்று திருப்பியது மேல்முறையீடு. மேல்நோக்கிய மூக்கு என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை. பார்பியின் அந்தக் குறிப்பிட்ட மூக்கு, அந்த வளைவோடு, மேட்டலுக்குச் சொந்தம். சாதாரணமாகத் தெரியும் முகத்துக்கும் பாதுகாப்பு உண்டு, அதன் துல்லியமான கோடுகள் அளவுக்கு.

பார்பியே இந்தக் கேள்வியைத் தாண்டி வந்ததுதான். ஜெர்மனியில் 1955 முதல் விற்ற 'பில்ட் லில்லி' பொம்மையை, பார்பியை உருவாக்கிய மேட்டல் நிறுவனர் ரூத் ஹேண்ட்லர் பார்த்திருந்தார். 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைச் சந்தையில் பார்பி வந்தது. லில்லிக்கு அமெரிக்க உரிமம் வாங்கியிருந்த லூயி மார்க்ஸ் நிறுவனம் 1961-இல் வழக்குப் போட்டது; வாதத்தின் மையம் இடுப்பு மூட்டுக்கான காப்புரிமை. 1963-இல் சமரசம். அடுத்த ஆண்டு மேட்டல் 21,600 டாலர் கொடுத்து லில்லியின் உரிமைகளையே வாங்கிவிட்டது.

பிராட்ஸ் வழக்கின் பணக்கணக்கு இதற்கு எதிர்த்திசை. 2008-இல் ஜூரி மேட்டலுக்கு 100 மில்லியன் டாலர் கொடுத்தது. அதில் பதிப்புரிமை மீறலுக்கு 10 மில்லியன்தான், மேட்டல் கேட்ட தொகையில் நூற்றில் ஒரு பங்கு. ஆனால் நீதிபதி அதோடு நிற்காமல் பிராட்ஸ் வணிகச்சின்னங்களை மேட்டலுக்குச் சேர வேண்டியவையாக அறிவித்து, ஏறக்குறைய எல்லாப் பிராட்ஸ் பொம்மைகளுக்கும் தடை போட்டார். இரண்டு பெயர்களுக்காக ஒரு முழு வியாபாரமும் கைமாறுவதா என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெயருக்குப் பின்னால் சேர்ந்த மதிப்பு எம்ஜிஏவின் உழைப்பு. 2011 ஏப்ரலில் புதிய ஜூரி மேட்டலின் உரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை.

இவ்வழக்கிலிருந்து பொம்மை வடிவமைப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. முதலாளியின் தொட்டியிலிருந்து ஒரு தலைகூட எடுக்காதீர்கள். மாதிரிக்குத் தேவையான பாகத்தைக் கடையில் வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் 'யோசனை', 'கருத்து' என்ற சொற்கள் இருக்கின்றனவா, வேலை நேரத்துக்கு வெளியே என்ன என்று வரிவரியாகப் படியுங்கள். சொந்த நேரத்தில் சொந்தக் கருவியால் செய்ததைக் கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2870-ஆம் பிரிவு ஊழியருக்கு விட்டுவைக்கிறது என்பது உண்மை. ஆனால் முதலாளியின் தொழிலோடு தொடர்புள்ளவற்றுக்கு அது பொருந்தாது. பொம்மைக் கம்பெனியில் இருந்துகொண்டு பொம்மை வரைபவருக்கு அந்தப் பிரிவு கைகொடுக்காது. வெளிச் சிற்பியிடம் ஸ்கல்ப்ட் வாங்கினால் பணம் கொடுத்ததாலேயே பதிப்புரிமை வந்துவிடாது. அமெரிக்கச் சட்டத்தில் கூலிக்குச் செய்ததாகக் கருதப்படும் ஒன்பது வகைகளில் பொம்மைச் சிற்பம் இல்லை. கையெழுத்திட்ட எழுத்து மாற்றம் வேண்டும்.

அந்த 2011 ஜூரி இன்னொன்றும் சொன்னது. மேட்டல் ஆட்கள் போலி விசிட்டிங் கார்டோடு பொம்மைச் சந்தைகளில் போட்டியாளர்களின் காட்சி அறைக்குள் நுழைந்து விவரம் சேகரித்தது எம்ஜிஏவின் வணிக இரகசியங்களைத் திருடியதாகும் என்று 88.5 மில்லியன் டாலர் கொடுத்தது. நீதிபதி அதை 85 மில்லியனாகக் குறைத்து, தண்டனையாக இன்னொரு 85 மில்லியனும் சட்டச் செலவும் சேர்த்தார். 2013 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரகசியத் திருட்டுத் தொகையை நீக்கியது: மேட்டலின் கோரிக்கையோடு தொடர்பில்லாத இந்தக் குற்றச்சாட்டை அந்த வழக்கில் சேர்த்திருக்கவே கூடாது. 137 மில்லியன் டாலர் சொச்சம் வந்த சட்டச் செலவு மட்டும் நின்றது. எம்ஜிஏ 2014-இல் அதே குற்றச்சாட்டை மாநில நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. மூன்றாண்டுக் காலவரம்பு குறுக்கே நின்றது. 2007-இல் எம்ஜிஏ தன் பதில்மனுவிலேயே மேட்டலின் இந்த நடத்தையைச் சுட்டிக்காட்டியிருந்ததால், சந்தேகம் அன்றே இருந்தது, கடிகாரமும் அன்றே ஓடத் தொடங்கிவிட்டது என்று முடிவானது. 2019-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.