பழைய மோட்டார்ஹோம் பார்க்கிறோம்: நாட்குறிப்பு

மார்ச் 5, வியாழன்

வாங்கலாமா என்று பார்க்கப்போகும் மோட்டார்ஹோமின் (படுக்கை, சமையல், குளியலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) உரிமையாளரிடம் போனில் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம், குளிர்ந்த எஞ்சினில்தான் குறை தெரியும். ஃபிரிட்ஜை மட்டும் முந்தின இரவே போட்டு வைக்க வேண்டும். கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற இந்த வகை ஃபிரிட்ஜ் குளிர்வதற்கே பல மணி நேரம் பிடிக்கும். போய் நின்றுகொண்டு சுவிட்ச் போட்டால் ஒன்றும் தெரியாது. "தாராளமா செய்யறேன் தம்பி" என்றார் பெரியவர்.

மார்ச் 7, சனி

அண்ணன் நேராக பானெட்டுக்குப் போனார். தொட்டுப் பார்த்தார், குளிர்ந்துதான் இருந்தது. நான் அவரைக் கூப்பிட்டு உள்ளே ஏற்றினேன். எஞ்சினுக்கு மெக்கானிக் கிடைப்பார், உதிரிபாகம் கிடைக்கும். சுவருக்குள் தண்ணீர் இறங்கி மரச்சட்டம் உளுத்துப்போன வண்டியை மீட்பது பெரும்பாடு. வெளியே பளபளவென்று தகடு இருக்கும், உள்ளே வருஷக்கணக்கில் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் எனக்கு வீடுதான் முதலில், வண்டி பிறகு.

ஜன்னல் ஓரங்கள், கூரைத் திறப்பைச் சுற்றி, அலமாரிகளின் உள்மூலைகள் என்று ஈரமானியை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே போனேன். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் 11, 12 என்றே காட்டியது. டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் படுக்கையின் மெத்தையைத் தூக்கினேன். அடிப்பக்கம் டீக்கறை மாதிரி பழுப்பாக ஒரு வளையம். அதற்கு நேரான இடது மூலையில் மீட்டர் 23. கட்டைவிரலால் அழுத்தினேன், பலகை அமுங்கவில்லை. பெரியவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். மெத்தையைத் தூக்கியே பல காலம் ஆகிறது என்றார். அவர் முகத்தைப் பார்த்து நம்பினேன். ஆனால் மீட்டர் சொன்னது சொன்னதுதான்.

டயர்களில் பட்டன் தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கம் 1416, அதாவது 2016-ஆம் ஆண்டின் 14-வது வாரத் தயாரிப்பு. மோட்டார்ஹோம் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். தேயாமலே ரப்பர் இறுகி வெடிப்பு விடும். எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும்.

குழாயைத் திறந்து மூடிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டோம். தண்ணீர் பம்ப் நின்றது, நின்றபடியே இருந்தது. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அது அவ்வப்போது தானாக ஓடினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்திருந்தது. கேஸ் குழாய்களை அந்த வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடலாம் என்று முடிவு.

மார்ச் 8, ஞாயிறு

ஓட்டிப் பார்த்தோம். முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் வெள்ளைப்புகை, உடனே அடங்கியது. அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். நீலப்புகை இல்லை, அதாவது ஆயில் எரியவில்லை. அண்ணன் ஓட்ட, நான் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். தட்டுமுட்டுச் சாமான்களை முன்பே இறக்கி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரண்டி ஆடுகிறதா கதவு ஆடுகிறதா என்று பிரித்தறிய முடியாது. குளியலறைக் கதவின் கொண்டி மட்டும் தளர்ந்திருக்கிறது.

ஏற்றத்தில் பெரிய கியரிலேயே அழுத்தச் சொன்னேன். எஞ்சின் மட்டும் உறுமி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அப்படி இல்லை, இழுத்தது. பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கவில்லை. எதிரே லாரி கடந்தபோது வண்டி அசைந்தது; இவ்வளவு உயரத்துக்கு அது இயல்புதான். நான் ஓட்டியபோது திருப்பத்தில் பின்பக்கம் வெளியே வீசுவதுதான் பழக வேண்டியதாக இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

எடைமேடை. வண்டியின் விவரத் தகட்டில் அனுமதித்த மொத்த எடை 3,500 கிலோ. டீசல் நிரப்பி, கேஸ் சிலிண்டரோடு, ஆள் இல்லாமல் நிறுத்தியதில் 3,080. மீதி 420. நாங்கள் நாலு பேர் 260. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர், அதாவது 100 கிலோ. துணிமணி, சமையல் சாமான், நாற்காலி எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 கிலோதான்! தொட்டியைக் கால்வாசி நிரப்பிக்கொண்டு கிளம்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் மீதியை நிரப்பினால் சமாளிக்கலாம். சைக்கிள்கள் கிடையாது. அண்ணனுக்கு அதில் வருத்தம்தான்.

மார்ச் 13, வெள்ளி

பெரியவர் சம்மதத்தோடு பாடி கட்டுகிறவர் அந்த மூலைப் பலகையைக் கழற்றினார். உள்ளே சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். மேலே ஒரு சாண் அளவு கறுத்திருக்கிறது, ஆனால் மரம் கெட்டியாக இருக்கிறது. தண்ணீர் வந்த வழியும் தெரிந்துவிட்டது: கூரை விளிம்பில் இருக்கும் சின்ன விளக்கின் ரப்பர் வெடித்துப்போயிருக்கிறது. விளக்கைச் சுற்றிப் புதிதாக அடைத்து, சட்டம் காயும்வரை மூலையைத் திறந்தே விடச் சொன்னார். டயர் செலவை விலையில் கழித்துக்கொள்ளப் பெரியவர் ஒத்துக்கொண்டார். முன்பணம் கொடுத்தாயிற்று. ஒரு நல்ல மழைக்குப் பிறகு அதே மூலையில் மீட்டர் 15-க்குக் கீழே காட்டினால் மீதிப் பணம், இல்லாவிட்டால் முன்பணம் திரும்பும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.