கோல சிலாங்கூரில் சேற்று நத்தை தேடி

மலேசியாவில், புக்கிட் ரோத்தானில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். அங்கிருந்து கோல சிலாங்கூர் வரை வழியெல்லாம் செம்பனைதான், அப்புறம் ஊர் தாண்டினால் சட்டென்று பாக்காவ் எனும் அலையாத்திக் காடும் சேறும். வருகிறவர்கள் பெரும்பாலும் மலாவாத்தி குன்றில் குரங்கு பார்ப்பார்கள், ராத்திரி மின்மினி பார்ப்பார்கள். நான் போனது நத்தைக்காக, அதனால் கடல்நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் கிளம்பினோம்.

"எல்லாம் சிப்புட்தானேப்பா, இதுல என்ன பாக்குற?" என்றார் சித்தப்பா. மலாயில் நத்தைக்கு சிப்புட் என்று பெயர்.

"மூடியைப் பாருங்க சித்தப்பா."

ஓட்டின் நீளமும் நிறமும் ஏமாற்றும், சேறு அப்பியிருந்தால் இன்னும் மோசம். ஓட்டின் வாயும் அதை அடைக்கும் மூடியும்தான் நத்தையின் குடும்பத்தைச் சொல்லும். மரத்தில் ஒட்டியிருந்த நெரிட்டாவுக்கு அரைநிலா வாய், கல் மாதிரி கெட்டியான மூடி. பக்கத்திலேயே காசிடுலா, நுரையீரலால் மூச்சுவிடுவது, வளர்ந்ததற்கு மூடியே கிடையாது. நஸ்ஸாரியஸுக்கு வாயின் அடியில் ஒரு வெட்டு, அதன் வழியாகக் குழாயை நீட்டி செத்த நண்டின் வாசனையைப் பிடித்துச் சேற்றுக்குள்ளிருந்து கிளம்பி வரும்.

நம் வீடுகளில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைக்கிற சிப்புட் செடுட்டின் பெயர் செரித்திடியா ஒப்டூசா. வட்டமான மெல்லிய பழுப்பு மூடி. நீர் ஏறும்போது மரத்தில் ஏறிக்கொண்டு, வற்றியதும் இறங்கி மேயும். உறிஞ்சுவதற்காகச் சந்தையில் நுனியை வெட்டித் தருவார்கள், ஆனால் காட்டில் வளர்ந்ததற்கும் நுனி தானாகவே உதிர்ந்துவிடுகிறது, ஆகவே சுற்றுகளை எண்ணி இனம் பிரிக்கப் பார்ப்பது வீண்.

சில மில்லிமீட்டரே உள்ள அஸ்ஸிமினியாவை லென்ஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். குட்டையான உணர்கொம்பின் நுனியில் கண் இருக்கும், அதுதான் அடையாளம்.

எனக்கு மிகப் பிடித்தது திறந்த சேற்றில் கூட்டமாக மேயும் பிரெனெல்லா. 1791இல் இயற்கை ஆய்வாளர் க்மெலின் வைத்த 'சிங்குலாட்டா' என்ற பெயரையே ஆசியக் கரை நெடுக இந்த மாதிரி நத்தைகளுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 2016இல் நத்தை ஆய்வாளர்களான டேவிட் ரீடும் டொமோவோ ஒசாவாவும் அதற்குள் பல இனங்கள் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். பழைய பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டால் அப்படியே நம்பக்கூடாது என்பேன். படம் எடுப்பவர்கள் வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம் இரண்டையும் எடுங்கள், சேறு இளகலா இறுகலா, கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள், உயிரோடு இருப்பதை எடுத்த இடத்திலேயே விடுங்கள். வாய் சரியாக விழாத படங்களை 'பிரெனெல்லா, இனம் தெரியவில்லை' என்றே குறித்துவைத்திருக்கிறேன்.