பத்துக்குப் பத்து அறையில் ஒரு மிருதங்கம்

அக்கா பாட, நான் மிருதங்கம் வாசிக்க, ஒரே ஒரு கீர்த்தனையை உருப்படியாகப் பதிந்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தது ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் இருப்பவை இரண்டு மைக், மைக்கை லேப்டாப்போடு இணைக்க ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், பதிவுக்கு ரீப்பர் மென்பொருள், பழைய லேப்டாப். இதற்கு மேல் எதுவும் வாங்கவில்லை, வாங்கியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.

முதல் நாளே தொப்பி, அதாவது மிருதங்கத்தின் கனத்த நாதம் தரும் இடப்பக்கத் தோல், காலை வாரியது. ஒவ்வொரு 'தொம்'முக்கும் அறையே சேர்ந்து முழங்கியது. சரி, மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒலியில் வேண்டிய சுருதிப் பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்யூவில் 110 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டினேன். முழக்கம் அடங்கியது, தொப்பியின் உயிரும் அதோடு போனது. அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்டது. கொஞ்சம் ஏற்றுவேன், கொஞ்சம் இறக்குவேன், இப்படியே மூன்று வாரம்.

பிறகுதான் டேப் எடுத்து அறையை அளந்தேன். பத்தடிக்குப் பத்தடி, அதாவது 3.05 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 56 வருகிறது. 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112-லும் இந்த அறை தானாகவே முழங்கும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு பக்கமும் அதே எண். போதாக்குறைக்கு நான் உட்கார்ந்திருந்தது மூலையில். இந்த முழக்கமெல்லாம் வந்து குவிகிற இடமே மூலைதான்!

அறையின் நடுவுக்கு நகர்ந்தேன். 112 அங்கேயும் உச்சத்தில்தான் இருக்கிறது. கடைசியில் இரண்டு சுவர்களிலிருந்தும் இரண்டரை அடி தள்ளி, அறையின் கால் பங்கு தூரத்தில் உட்கார்ந்தபோது தொப்பி தொப்பியாகக் கேட்டது. மூலையில் பாட்டியின் இலவம்பஞ்சு மெத்தையை மடித்து நிறுத்தினேன், ஓரளவு உதவியது. சுவரெல்லாம் ஒட்டிய முட்டை அட்டைகள் தொப்பிக்கு ஒன்றும் செய்யவில்லை. கழற்றியபோது பெயின்ட்டும் சேர்ந்து வந்ததுதான் மிச்சம்.

அடுத்த குழப்பம் இரண்டு மைக்கால் வந்தது. வலப்பக்கத் தோலான வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. தனித்தனியாகக் கேட்டால் அருமை, சேர்த்துக் கேட்டால் சோகை. ஒரு பக்கம் அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகிறது, உள்ளிருக்கும் காற்று எதிர்ப்பக்கத் தோலை வெளியே தள்ளுகிறது. ஆக, எதிரெதிரே பார்க்கும் இரண்டு மைக்கும் நேர்மாறான அசைவைப் பிடித்து, சேரும்போது ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. தொப்பி டிராக்கில் ஒலியலையைத் தலைகீழாக்கும், அதாவது துருவத்தைத் திருப்பும் பொத்தானை ஒரு முறை அழுத்தினேன். அப்பாடா!

ரவை கற்றுத்தந்த பாடத்தை வேறெங்கும் படித்ததில்லை. நாதம் கனக்கத் தொப்பியின் நடுவில் அப்பும் ரவைப் பசை காயக் காய நாதம் மாறுகிறது. முதல் டேக்கின் (ஒரு முறை வாசித்துப் பதிந்ததன்) பல்லவியையும் ஐந்தாம் டேக்கின் பல்லவியையும் ஒட்டினால், பாதியில் யாரோ வேறு மிருதங்கத்தை வைத்தது போல இருக்கும். இப்போது ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ரவையைத் தொட்டுப் பார்த்து, அக்காவின் சுருதியான ஐந்தரைக் கட்டைக்கு வலந்தலையையும் தம்புராவோடு சரிபார்த்துவிட்டுத்தான் பதிவுப் பொத்தானைத் தொடுகிறேன்.

இருவரும் ஒரே அறையில் சேர்ந்து பதிந்தால் அக்காவின் மைக்கிலும் மிருதங்கம்தான். தனித்தனியாகப் பதிய, சீராகத் தட்டும் 'கிளிக்' ஒலியைக் காதில் வைத்துப் பார்த்தோம். தாளம் தப்பவில்லை, ஆனால் பாட்டு பள்ளிக்கூட ஒப்புவித்தல் மாதிரி ஆனது. இப்போது இருவரும் சேர்ந்து ஒரு மாதிரிப் பதிவு எடுக்கிறோம். அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே அக்கா மறுபடி பாடுகிறாள், அவள் குரலைக் கேட்டு நான் மறுபடி வாசிக்கிறேன். காலப்பிரமாணம் எங்களுடையதாகவே இருக்கிறது.

மிக்ஸிங்கில் சொல்ல அதிகமில்லை. 24 பிட்டில் பதிவதால் அளவைச் சிவப்பு வரை ஏற்றத் தேவையில்லை; உச்சம் அந்தச் சிவப்பு எல்லைக்குக் கீழே மைனஸ் 10 டெசிபல் பக்கம் நின்றால் போதும், திடீரென்று சாப்பு என்னும் ஒரு கூர்மையான அடி விழுந்தாலும் தாங்கும். ஒரு மாற்றம் நன்றாகிவிட்டது என்று தோன்றினால், சத்தம்தான் கூடிவிட்டதா என்று முதலில் பார்க்கிறேன். பாதி நேரம் அதுதான். யூடியூபுக்காக, உச்சங்களை நசுக்கும் லிமிட்டரை அழுத்தி ஒலியை ஏற்றியதும் வீண்வேலை: காதில் விழும் சத்தத்தை அளக்கும் எல்யூஎஃப்எஸ் கணக்கில் சுமார் மைனஸ் 14-க்கு மேல் போனால் அவர்களே குறைத்துவிடுகிறார்கள், நமக்கு மழுங்கிய சாப்பு மட்டும் மிஞ்சுகிறது.

பல்லவியும் அனுபல்லவியும் முடிந்துவிட்டன. சரணத்தின் சிறந்த டேக்கில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் விழுந்திருக்கிறது. இருக்கட்டும் என்கிறாள் அக்கா. ஐந்தரைக் கட்டையில் சேர்ந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். சனிக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.