செர்ரித் தோட்டத்தில் யார் யார் கணக்கு என்ன

ஜூன் 4

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தை மறுபடி எடுத்தேன். முதல் அங்கம் முடிந்தது. கடனில் மூழ்கிய பண்ணை ஆகஸ்ட் 22 அன்று ஏலத்துக்கு வருகிறது. ஆற்றோர நிலத்தை மனை பிரித்து, கோடை வீடு கட்டுகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு 25,000 ரூபிளாவது வரும் என்று வியாபாரி லோபாகின் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். தோட்டத்தை வெட்ட வேண்டும், அவ்வளவுதான். சொந்தக்காரி ரனேவ்ஸ்கயாவின் காதில் அது ஏறவே இல்லை. அவள் அண்ணன் காயெவ், எங்கள் தோட்டம் கலைக்களஞ்சியத்திலேயே வந்திருக்கிறது என்கிறான். அப்புறம் நூறு வயதான புத்தக அலமாரிக்கு ஒரு பாராட்டுரை வேறு!

ஜூன் 6

இரண்டாம் அங்கத்தில் ஒரு சின்ன இடத்திலேயே நின்றுவிட்டேன். வழிப்போக்கன் ஒருவன் காசு கேட்கிறான். ரனேவ்ஸ்கயா பையைத் துழாவுகிறாள். வெள்ளிக்காசு இல்லை, பொற்காசையே தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். வீட்டில் வேலையாட்களுக்குச் சாப்பிட ஒன்றுமில்லையே என்று வளர்ப்பு மகள் வார்யா பதறுகிறாள். ரனேவ்ஸ்கயா உடனே லோபாகின் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் கடன் கொடுங்கள் என்கிறாள். அவனும் சரி என்கிறான்.

இதை நல்ல மனசு என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டவனுக்கு அள்ளிக் கொடுப்பது பண்ணை வீட்டுப் பெருமை, எண்ணிப் பார்ப்பது கௌரவக் குறைச்சல். அள்ளிக் கொடுத்த பணமெல்லாம் ஒரு காலத்தில் பண்ணையடிமைகள் உழைத்து வந்தது. 1861-இல் அவர்களுக்கு விடுதலை வந்துவிட்டது. கொடுக்கும் கை மட்டும் மாறவில்லை. தோட்டத்தைவிட இந்தக் கைதான் அவளுடைய பரம்பரைச் சொத்து.

மாணவன் திரஃபீமவ் அவள் மகள் ஆன்யாவிடம் இதை நேராகவே சொல்கிறான்: உன் முன்னோர்கள் உயிருள்ள மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர்கள். நியாயமான பேச்சு. ஆனால் அவன் பேச்சோடு சரி.

ஜூன் 7

கிழ வேலைக்காரர் ஃபீர்ஸுக்கு மட்டும்தான் பழைய வரவு நினைவிருக்கிறது. செர்ரியைக் காயவைத்து வண்டி வண்டியாக மாஸ்கோவுக்கும் கார்கிவுக்கும் அனுப்புவார்களாம், பணம் கொட்டுமாம். அந்தப் பக்குவம் இப்போது யாருக்கும் தெரியாது.

ஜூன் 10

ஏலம் மேடையில் நடப்பதில்லை. அங்கே ஏலம் போய்க்கொண்டிருக்க, இங்கே வீட்டில் நடன விருந்து. வாத்தியக்காரர்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. காயெவ் கொண்டுபோனது அத்தை அனுப்பிய 15,000. எடுத்த எடுப்பிலேயே வேறொரு பணக்காரன் கடனுக்கு மேல் 30,000 கேட்டுவிட்டான். அவன் ஐந்தைந்தாயிரமாக ஏற்ற, லோபாகின் பத்துப் பத்தாயிரமாக ஏற்றி, கடன் போக 90,000-க்கு முடித்தான்.

லாபத்துக்காக மட்டும் வாங்கினான் என்று நான் நம்பமாட்டேன். அப்பனும் பாட்டனும் அடிமையாகக் கிடந்த, சமையலறைக்குள்கூட அவர்களை விடாத பண்ணையை வாங்கிவிட்டேன் என்று கத்துகிறான். அவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வந்து பார்க்க வேண்டுமாம். மொத்த நாடகத்திலும் முன்னோர்களுக்காகப் பணம் செலவழித்த ஒரே ஆள் இவன்தான். அடுத்த நிமிஷமே ரனேவ்ஸ்கயாவிடம், என் பேச்சை ஏன் கேட்கவில்லை என்று அழுகிறான்.

செகாவின் தாத்தாவே பணம் கட்டி விடுதலை பெற்ற பண்ணையடிமை. அப்பா 1876-இல் வியாபாரம் நொடித்து மாஸ்கோவுக்கு ஓடினார். சொந்த ஊரான தாகன்ரோகில் இருந்த வீடு அங்கே குடியிருந்தவர் கைக்குப் போயிற்று. அதனால்தானோ என்னவோ, இரண்டு பக்கத்தையும் அவர் வில்லனாக்கவில்லை.

ஜூன் 11

கடைசி அங்கம். காயெவுக்கு வங்கியில் வருஷம் 6,000 சம்பளத்தில் வேலை. சோம்பேறி, நிலைக்கமாட்டான் என்கிறான் லோபாகின். ரனேவ்ஸ்கயா, பண்ணையை மீட்க வந்த அத்தை பணத்தோடு பாரிஸுக்குக் கிளம்புகிறாள். விடைபெற வந்த குடியானவர்களிடம் பணப்பையையே கொடுத்துவிட்டாள். திரஃபீமவ், இரண்டு லட்சம் கொடுத்தாலும் வேண்டாம் என்று லோபாகினின் உதவியைத் தள்ளிவிடுகிறான்.

கடனைத் திருப்பித் தருகிறவன், நாடகம் முழுக்கக் கடன் கேட்டே திரிந்த பக்கத்துப் பண்ணைக்காரன் பிஷிக். லோபாகினுக்கு 400, இன்னும் 840 பாக்கி. அவன் நிலத்தில் ஏதோ வெள்ளைக் களிமண் இருப்பதை ஆங்கிலேயர்கள் கண்டுபிடித்தார்களாம், 24 வருஷக் குத்தகைக்கு விட்டுவிட்டான். பூர்வீக நிலத்தைத் தோண்டப் போகிறார்களே என்று அவன் கலங்கியதாகத் தெரியவில்லை.