ஏறும், மெதுவாக ஏறும்

அவர் கேட்டது ஒரே கேள்வி. “இந்த விமானம் அந்தக் கணவாய்க்கு மேலே ஏறுமா?” நான் சொன்னேன்: “ஏறும். மெதுவாக ஏறும்.” இரண்டு வருடம் ஆகிவிட்டது. இந்தப் பதிலில் எது தப்பு என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் லெட்வில் விமானத்தளம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவில் இதைவிட உயரத்தில் வேறு பொது விமானத்தளம் கிடையாது. இங்கே இறங்கியதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதற்காகவே கான்சாஸ் சமவெளியிலிருந்து தனியாக வந்திருந்தார் அந்தக் கேள்வியைக் கேட்டவர், பணி ஓய்வு பெற்றவர். அவருடைய சின்ன விமானத்தில் இருந்த ரோட்டாக்ஸ் வகை எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் முன் புரொப்பல்லரைக் கையால் சுற்ற வேண்டும், ஆயில் டேங்கிலிருந்து ‘களக்’கென்று சத்தம் வரும்வரை. பொறுமை இல்லாதவர்கள் நாலு சுற்றோடு விட்டுவிடுவார்கள். இவர் சத்தம் வரும்வரை சுற்றினார், அப்புறம்தான் குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். அதைப் பார்த்ததால்தானோ என்னவோ, அவரிடம் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கணக்குப்படி என் பதில் சரிதான். அன்று மதியம் 20 டிகிரி. அந்த உயரத்துக்கு இயல்பு மைனஸ் 5. சூட்டில் காற்று லேசாகிப்போனதால், விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 13,000 அடி உயரத்துக் காற்று. டர்போ இல்லாத 100 குதிரைத்திறன் எஞ்சின் அதில் அறுபத்துச் சொச்சம்தான் தரும். இருந்தாலும் 600 கிலோவுக்குள் இருக்கும் விமானம், உள்ளே ஒரே ஆள். நிமிடத்துக்கு 300 அடி ஏறும். ஏறவும் செய்தது.

காற்றுதான் இறங்கியது. மேற்குக் காற்று முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வழியும்போது நிமிடத்துக்கு ஆயிரம் அடி கீழே அழுத்தும். சமவெளியில் பறந்தவருக்கு அது எப்படித் தெரியும்? பள்ளத்தாக்கின் நடுவிலேயே போயிருக்கிறார். ஒரு ஓரமாகப் போனால் திரும்புவதற்கு முழு அகலமும் கிடைக்கும், நடுவில் போனால் பாதிதான். தரை வேறு மேலே வந்துகொண்டிருந்தது. திரும்ப இடமில்லை என்று புரிந்ததும் விமானத்தின் மூக்கைத் தூக்கிப் பார்க்காமல், வேகத்தை விடாமல், வில்லோ புதருக்குள் இறக்கிவிட்டார். தூக்கியிருந்தால் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, விழுந்திருப்பார். கணுக்கால் முறிந்ததோடு போயிற்று. அந்தச் சில நொடிகளில் அவர் எடுத்த முடிவை இப்போதும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

அன்று நான் விண்ட்சாக்கை, அதாவது காற்றைக் காட்டும் துணிக்குழாயைப் பார்த்தேன். விறைத்து நின்றது. முகட்டில் 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் காற்று இருந்தால் சின்ன விமானத்தில் போகக் கூடாது என்று வகுப்பில் வாய் ஓயாமல் சொல்கிறவன் நான். ஆனால் அவர் கேட்டது விமானத்தைப் பற்றி, நான் சொன்னதும் விமானத்தைப் பற்றி. அவர் என் மாணவர் இல்லை. போவதா வேண்டாமா என்ற கடைசி முடிவு விமானியுடையது, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. எனக்காக ஒரு மாணவர் காத்திருந்தார். இதையெல்லாம் சொன்னால் என் மனைவி ஒப்புக்கொள்கிறாள். நான்தான் ஒப்புக்கொள்வதில்லை.

‘காலையில் போவது நல்லது’ என்றும் சொன்னதாகச் சில நாள் ஞாபகம் வருகிறது. மருத்துவமனையில் அவரிடமே கேட்டேன். இல்லை, அப்படி நீங்கள் சொல்லவில்லை என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

போன கோடையில் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டார், அதே மாதிரி விமானம். “வேண்டாம், காலையில் போங்கள்” என்றேன். தங்கிவிட்டார். அன்று சாயங்காலம்வரை காற்றே எழவில்லை. மூன்று சின்ன விமானங்கள் அதே கணவாயை எந்தச் சிரமமும் இல்லாமல் தாண்டிப் போயின. மூன்றையும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினார்.